20 அடிக்கு அப்பால்: நைட்ஸ்கவுட் பிறந்த கதை

சர்க்கரை நோய் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது நாற்பதைத் தாண்டியவர்கள், மாத்திரை டப்பா, சர்க்கரை போடாத காபி. டைப் 1 என்பது வேறு நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளவயதிலோ வந்துவிடும். இன்சுலின் வெளியிலிருந்து போயே ஆக வேண்டும், நாள்தோறும், ஆயுள் முழுக்க. 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற மருத்துவர்களிடம் வழி இல்லை.

இன்சுலின் உயிர் கொடுத்தது. கூடவே முடிவில்லாத ஒரு கணக்கையும் பெற்றோர் தலையில் வைத்தது. என்ன சாப்பிட்டான், எவ்வளவு ஓடி விளையாடினான், காய்ச்சல் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். குறைந்தால் சுகர் ஏறும், கூடினால் இறங்கும். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ‘லோ’ என்கிறார்கள். 54-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அதற்கும் கீழே போனால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம்.

பகலில் குழந்தை வாய்விட்டுச் சொல்லும், இல்லாவிட்டால் அதன் முகம் சொல்லும். தூக்கத்தில் யார் சொல்வது? நன்றாக இருந்து படுக்கப் போன டைப் 1 இளைஞர்கள் சிலர் காலையில் படுக்கையிலேயே இறந்து கிடந்ததைத் தொகுத்து 1991-இல் பிரிட்டனில் ஒரு மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. அப்படி நடப்பது அரிது. ஆனாலும், அது நடக்கக்கூடும் என்று தெரிந்த ஒரு தாய் எப்படிக் கண்ணயர்வாள்? நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து, தூங்கும் பிள்ளையின் விரலைப் பிடித்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரின் பட்டையில் ஏற்றி, எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் டைப் 1 குழந்தை இருக்கும் வீடுகளின் இரவு.

இந்தத் தவிப்புக்கு விடையாக வந்ததுதான் சிஜிஎம் எனப்படும் தொடர் குளுக்கோஸ் சென்சார். தோலுக்கடியில் செருகிய மெல்லிய கம்பி ஒன்று, அங்கே செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸை ஒரு நொதியின் உதவியோடு அளக்கும். நொதியையும் மின்முனையையும் சேர்த்துக் குளுக்கோஸை அளக்கலாம் என்ற யோசனையை 1962-லேயே முன்வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க். அந்த யோசனை நோயாளி அணியும் கருவியாக மாறி அமெரிக்காவில் அனுமதி பெற 1999 ஆகிவிட்டது. அந்த முதல் கருவி அணிந்திருந்தவருக்கு எண்ணைக் காட்டாது. சில நாள் அணிந்த பிறகு மருத்துவர் அதைக் கணினியில் இறக்கிப் பார்ப்பார். நேற்றைக்கு முந்தின இரவு சுகர் இறங்கியிருந்தது என்று பிறகு தெரிந்துகொள்வதால் அந்த இரவுக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கருவி வெகுவாக மேம்பட்டது. 2012 அக்டோபரில் டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஜி4 அனுமதி பெற்றது. 5 நிமிடத்துக்கு ஒரு அளவு, நாளொன்றுக்கு 288. கையடக்கமான ரிசீவர் ஒன்றின் திரையில் எண்ணும், பக்கத்திலேயே சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியும், கடந்த சில மணி நேரத்தின் வரைபடமும் தெரியும். 55-க்குக் கீழே போனால் அலறும் எச்சரிக்கையை யாராலும் அணைத்து வைக்க முடியாது. முதலில் பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கான முறையான அனுமதி 2014 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன்பே பல மருத்துவர்கள் தம் பொறுப்பில் குழந்தைகளுக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட கருவிக்கும் ஓர் எல்லை இருந்தது: 20 அடி. தோலில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து ரிசீவருக்கு அவ்வளவு தூரம்தான் சிக்னல் எட்டும். அந்த எண்ணைப் பார்க்க வேண்டுமானால் ரிசீவரின் திரையைத்தான் பார்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போனால் ரிசீவரும் கூடவே போகும். அதில் என்ன எண் ஓடுகிறது என்று ஆபீசில் இருக்கும் அப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை. வங்கிக் கணக்கையும் விமானம் பறக்கும் இடத்தையும் எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், சொந்தப் பிள்ளையின் உடலில் ஓடும் எண் 20 அடிக்குள் அடைந்து கிடந்தது.

நியூயார்க் மாநிலத்தின் லிவோனியா என்ற சிற்றூரில் வசித்த ஜான் காஸ்டிக் இந்த எல்லையில் வந்து முட்டினார். வெக்மன்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர் அவர். 2012-இல் அவருடைய நான்கு வயது மகனுக்கு டைப் 1 இருப்பது தெரிய வந்தது. அடுத்த ஆண்டு ஜி4 வீட்டுக்கு வந்தது. மகன் வெளியே போகும் நேரங்களில் எண் கண்ணுக்கு எட்டவில்லை. காஸ்டிக் ரிசீவரைத் திருப்பிப் பார்த்தார். அதில் யூஎஸ்பி துளை ஒன்று இருந்தது. சார்ஜ் ஏற்றவும், மருத்துவமனைக் கணினியில் பழைய அளவுகளை இறக்கவும் வைத்த துளை. பழைய அளவு அதன் வழியே வெளியே வரும் என்றால், இந்த நிமிடத்து அளவும் வரத்தானே வேண்டும்?

கேபிளை மாட்டி, ரிசீவர் எந்தக் கட்டளைக்கு என்ன பதில் தருகிறது என்று பார்த்துப் பார்த்து, கடைசி அளவைப் படித்து இணையத்துக்கு அனுப்பும் நிரல் ஒன்றை எழுதினார். பிறகு கணினியின் வேலையை ஒரு சிறிய ஆண்ட்ராய்டு போன் ஏற்றுக்கொண்டது. ரிசீவரையும் போனையும் ஒரு குட்டைக் கேபிள் இணைத்தது. ரிசீவரிடமிருந்து போன் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை வாங்கி மேலே அனுப்பும். ஆபீசில் இருந்த காஸ்டிக், தம் போனில் மகனின் சுகரைப் பார்த்தார். 2013 மே 14 அன்று அந்த அமைப்பின் படத்தை ட்விட்டரில் போட்டார்.

அதே தவிப்பில் இருந்தவர்களின் கண்ணில் அந்தப் படம் பட்டது. ஒருவர் லேன் டெஸ்பரோ. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் போன்ற இடங்களின் கட்டுப்பாட்டு முறைகளில் பல ஆண்டுகள் உழைத்து, பின்னர் இன்சுலின் பம்ப் செய்யும் மெட்ரானிக் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். அவர் மகனுக்கும் டைப் 1. ஒரு குழாயின் அழுத்தம் கூடினாலே தொலைவிலிருக்கும் அறையில் விளக்கு எரியும் ஆலைகளைப் பார்த்துப் பழகியவர். ஒரு மனிதரின் ரத்தச் சர்க்கரை சரிவது மட்டும் யாருக்கும் தெரியாமல் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. காஸ்டிக்கின் நிரல் அனுப்பும் எண்களை எங்கிருந்தும் பார்க்கும்படியான திரையை அவர் வடிவமைத்தார். அதற்கு நைட்ஸ்கவுட் என்று பெயர் வைத்தார்.

2013 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘டயாபடிஸ் மைன்’ குழு ஒரு கூட்டம் நடத்தியது. நோயாளிகள், பெற்றோர், மென்பொருள்காரர்கள், கருவி செய்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தன் எண்களைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பதுதான் அங்கே எழுந்த முதல் புகார். அடுத்த மாடலில் வரும், அனுமதி கிடைத்ததும் வரும் என்ற பதில்கள் எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தன. ‘நாங்கள் காத்திருக்கவில்லை’ என்ற முழக்கம் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. டெஸ்பரோவும், டைட்பூல் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் ஹவர்ட் லுக்கும் முன்வைத்த அந்த முழக்கம் இன்றுவரை இந்த இயக்கத்தின் கொடியாக இருக்கிறது.

நைட்ஸ்கவுட் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். குழந்தையின் பையில் இருக்கும் போனை வெளியிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்வது எளிதல்ல. பள்ளியின் வைஃபை ஒருபக்கம், செல்போன் நிறுவனத்தின் வலைப்பின்னல் இன்னொரு பக்கம் என்று நடுவில் எத்தனையோ தடுப்புகள். அதனால் இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாவது இடம் ஒன்று தேவைப்பட்டது. கிளவுட் என்பது இங்கே ஊர்ச் சாவடியில் மாட்டிய கரும்பலகை. போன் வந்து எழுதிவிட்டுப் போகும், பார்க்க வேண்டியவர்கள் தத்தம் இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அளவுகள் மோங்கோ டிபி என்ற தரவுத்தளத்தில் சேரும். அதிலிருந்து எடுத்துத் திரையில் காட்ட ஒரு சிறிய இணையதளம். இவற்றை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் சிறு உபயோகத்துக்குக் காசு வாங்கவில்லை. ஒரு குழந்தையின் ஒரு நாள் அளவுகள் 288 எண்கள்தானே, இலவச இடத்திலேயே அடங்கிவிட்டன. ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரில் இடம் எடுத்து, தன் ரகசியச் சொல்லை வைத்துக்கொண்டது. எல்லாருடைய தரவையும் ஒரே இடத்தில் குவிக்கும் மையக் கிடங்கு எதுவும் இல்லை.

திரை கறுப்பு. அதில் 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளி விழும். சரியான அளவுக்குள் இருந்தால் பச்சை, விலகினால் மஞ்சள், அபாயம் என்றால் சிவப்பு. பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்போதைய எண், அம்புக்குறி, எத்தனை நிமிடத்துக்கு முந்தைய அளவு இது என்ற குறிப்பு. அந்தக் கடைசிக் குறிப்பில்தான் இதைச் செய்தவர்களின் அக்கறை முழுதும் தெரிகிறது. கேபிள் கழன்றாலும், போனின் பேட்டரி தீர்ந்தாலும், சிக்னல் போனாலும் திரையில் பழைய எண் அப்படியே நிற்கும். 120 என்று பார்த்த அம்மா நிம்மதியாக இருப்பாள். அந்த 120 ஒரு மணி நேரம் பழையது என்றால் அந்த நிம்மதி ஆபத்தானது. அதனால்தான் எண்ணோடு அதன் வயதையும் காட்டினார்கள், புதிய அளவு வராமல் நின்றுபோனால் அதற்கென்று தனி அலாரமும் வைத்தார்கள். தொலைவிலிருந்து நோயாளியைக் கவனிக்கும் எந்தக் கருவிக்கும் இது முதல் பாடம்.

இன்னொரு முடிவும் அவர்கள் யோசித்து எடுத்ததே. எண் ஒரு திசையில்தான் போகும், குழந்தையிடமிருந்து பெற்றோருக்கு. அன்றைய அமைப்பில் திரையைப் பார்த்து யாரும் தொலைவிலிருந்து இன்சுலின் செலுத்த முடியாது. பார்ப்பது கருவியின் வேலை, என்ன செய்வது என்று முடிவெடுப்பது மனிதரின் வேலை. அலாரம் அடித்தால் அப்பா ஆசிரியருக்குப் போன் செய்து, பழச்சாறு கொடுங்கள் என்பார். தொலைமருத்துவத்தின் பெரிய பேச்சுகளுக்கு நடுவே இது எளிமையாகத் தோன்றலாம். அந்தப் பழச்சாறு நேரத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

இதை எல்லாருக்கும் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது தயக்கமும் இருந்தது. அனுமதி பெற்ற மருத்துவக் கருவியோடு அனுமதி பெறாத கேபிளையும் நிரலையும் இணைப்பது சட்டப்படி சரியா? தவறான எண் காட்டி ஏதாவது நடந்துவிட்டால் பொறுப்பு யாருடையது? முதலில் கேட்டவர்களுக்கு நிரல் தனித்தனியாகத்தான் போனது. ஆனால் கேட்பவர்கள் பெருகிக்கொண்டே இருந்தார்கள். கேட்பவர் ஒவ்வொருவரும், பிள்ளையின் அறைக்கும் தன் அறைக்கும் நடுவில் தூக்கம் கெட்டு நடந்துகொண்டிருந்த ஒருவர். 2014-இல் நிரல் முழுவதையும் திறந்த மூலமாக இணையத்தில் வைத்தார்கள். ‘சிஜிஎம் இன் த கிளவுட்’ என்ற ஃபேஸ்புக் குழுவும் அந்த ஆண்டில் தொடங்கியது. சில மாதங்களில் அதில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

அந்தக் குழுவில் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே என்னை அதிகம் நெகிழச் செய்யும் பகுதி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு மென்பொருள் தெரியாது. தரவுத்தளம் என்ற பெயரையே அங்கேதான் முதலில் கேட்டார்கள். படத்தோடு விளக்கிய படிப்படியான குறிப்பைப் பார்த்துத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். நேற்று அமைத்து முடித்தவர் இன்று புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ரிசீவரின் யூஎஸ்பி துளை எளிதில் சேதமாகும் என்பதால், துளை அசையாமல் ரிசீவரையும் போனையும் சேர்த்துப் பிடிக்கும் உறைகளை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். பெபிள் ஸ்மார்ட்வாட்ச்சில் எண் தெரியும்படி செய்தார்கள். சமையல் செய்துகொண்டே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் பள்ளியில் இருக்கும் பிள்ளையின் சுகர் தெரிந்தது. யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை.

டெக்ஸ்காம் நிறுவனமும் இதே காலத்தில் தன் பங்குக்கு ‘ஷேர்’ என்ற வசதியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, 2015 ஜனவரியில் சென்சாரின் அளவுகளைப் பிறர் போனுக்கு அனுப்பும் செயலிகளுக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. அதோடு, இந்த வகைச் செயலிகள் இனி சந்தைக்கு வருமுன் தனியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்றும் வகுத்தது. மருத்துவக் கருவியின் தரவை மாற்றாமல், அப்படியே எடுத்துச் செல்லவும் காட்டவும் மட்டும் செய்யும் மென்பொருள்களின் மீதான கெடுபிடியை அடுத்த மாதமே தளர்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ரிசீவர் இல்லாமல் நேராகப் போனுக்கே அனுப்பும் ஜி5 அனுமதி பெற்றது. பெற்றோர் கேபிள் மாட்டிச் செய்துகொண்ட ஏற்பாடு, பெட்டியைத் திறந்ததும் கிடைக்கும் வசதியாக மாறியது. இத்தனை ஆயிரம் குடும்பங்கள் தாங்களாகவே அதைப் பயன்படுத்திக் காட்டியிராவிட்டால் இந்த வேகம் வந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

எண் வெளியே வந்ததும் அதை வைத்து இன்னும் என்னென்ன செய்யலாம் என்று யோசிக்க ஆட்கள் கிளம்பினார்கள். சியாட்டில் நகரின் டேனா லூயிஸ் தாமே டைப் 1 உள்ளவர். நல்ல தூக்கம் அவருக்கு. கருவியின் அலாரம் அவரை எழுப்பும் அளவுக்குச் சத்தமாக இல்லை. காஸ்டிக்கின் நிரல் கைக்குக் கிடைத்ததும், அவரும் ஸ்காட் லைபிராண்ட் என்பவரும் சேர்ந்து சத்தமான அலாரம் அமைத்தார்கள். பிறகு, அடுத்து சுகர் எங்கே போகும் என்று கணித்துச் சொல்லும் முறையையும் அதில் சேர்த்தார்கள். பென் வெஸ்ட் என்பவர் இன்சுலின் பம்ப்களோடு கணினி பேசும் வழியைப் பல ஆண்டு முயன்று கண்டறிந்திருந்தார். இவை இரண்டும் ஒன்றுசேர, 2014 டிசம்பரில் கணிப்புக்கு ஏற்பப் பம்ப் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு லூயிஸின் உடலில் இயங்கத் தொடங்கியது. 2015-இல் அதையும் ‘ஓப்பன் ஏபிஎஸ்’ என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

வீட்டில் செய்த ஏற்பாட்டை மருத்துவ உலகம் எப்படி நம்பும்? நியூசிலாந்தில் 7 முதல் 70 வயது வரையிலான 97 பேரை வைத்து நடத்திய ஆய்வு, 2022-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ஓப்பன் ஏபிஎஸ் கணிப்பு முறையைக் கொண்ட தானியங்கி அமைப்பைப் பயன்படுத்தியவர்களின் சுகர் சரியான அளவுக்குள் இருந்த நேரம், சென்சாரும் பம்பும் வைத்துத் தாங்களே கணக்கிட்டவர்களைவிட 14 சதவீதப் புள்ளி அதிகம். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் கூடுதலான நல்ல சுகர் என்று பொருள்.

கிளவுட்டை நம்பி வாழ்வதில் உள்ள அபாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2019 நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையின்போது, டெக்ஸ்காமின் தொலைப் பகிர்வு ஒரு நள்ளிரவுக்குப் பிறகு நின்றுபோனது. அலாரம் எழுப்பும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போன் சத்தமே இல்லாமல் கிடந்தது. 2022 நவம்பரில், ஏராளமான நைட்ஸ்கவுட் தளங்கள் குடியிருந்த ஹெரோக்கு நிறுவனம் தன் இலவச இடங்களை மூடியது. குடும்பங்கள் வேறு இடம் தேடி மாற வேண்டியிருந்தது. அப்போதும் வழிகாட்டியது தன்னார்வலர்களின் குறிப்புகள்தான்.

தொலைமருத்துவம் என்றால் பெரிய மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் நிபுணர் திரை வழியாகக் கிராமத்து நோயாளியைப் பார்ப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். அதுவும் வேண்டும்தான். ஆனால் மருத்துவர் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள். நாளின் 288 புள்ளிகளையும் பார்ப்பவர் வீட்டில் இருப்பவர்தான். அவருக்குப் போக வேண்டிய எண்ணைக் கருவிக்குள் பூட்டி வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை, கேபிளோடு உட்கார்ந்த ஓர் அப்பாவும் அவர் பின்னால் வந்த குடும்பங்களும் செய்து காட்டினார்கள். வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகள் இன்று நம் ஊர்க் கடைகளிலும் வந்து குவிகின்றன. வாங்கும்போது விலையோடு இன்னும் மூன்று கேள்வி கேட்போம்: இது எடுக்கும் அளவு எங்கே போகிறது, அதை நாங்களே வெளியே எடுக்க முடியுமா, அது நின்றுபோனால் எங்களுக்கு எப்படித் தெரியும்? நேரான பதில் வரும்வரை விடாமல் கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த எண் பிறப்பது நம் வீட்டுப் பிள்ளையின் உடலில்.